கேள்வியக்காவும் பெரியப்பாவும்

"எங்கே, இன்னொரு தடவை கேட்போம்" என்று பொத்தானை அழுத்துகிறார் கேள்வியக்கா. திரையில் பதில் வருகிறது. அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறார். மறுபடி அழுத்துகிறார், மறுபடி ஒரு கோடு. காதோரம் நரை, கொண்டையில் செருகிய இன்னொரு பென்சில். நடைபாலங்கள் வடிவமைக்கும் அந்த அலுவலகத்தில் கணினிகள் எல்லாம் இவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஒரு முறை பதில் வந்தால் போதும், எழுந்து போய்விடுவார்கள். இவர் நூறு முறை கேட்பார். "ஒரு தடவை யாரு வேணா ஒழுங்கா பதில் சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் வண்டவாளம் வெளிய வரும்" என்பார்.

இயந்திரங்களுக்கு உறவுமுறை வைத்து அழைப்பது இவர் வழக்கம். பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவருக்கும் ஒரே வேலை. மின்னஞ்சல் கடிதங்களை அனுப்பும் மெயில் சர்வர் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அதற்குரிய முகவரி எண்ணைச் சொல்ல வேண்டும். எண் தெரிந்தால்தான் கடிதம் வாசலைத் தாண்டும்.

அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து மெயில் சர்வர் கண்ணாமூச்சி ஆடியது. ஒரு கடிதம் பறக்கும், இன்னொன்று முகவரி கிடைக்காமல் வரிசையிலேயே நிற்கும். அன்று வியாழன். நான்கு மணிக்குள் பால வடிவமைப்புப் போட்டிக்கு ஒன்பது வரைபடங்கள் போய்ச் சேர வேண்டும். ஆறு போய்விட்டன. மூன்று நகரவில்லை.

"அக்கா, பதினோரு மாச உழைப்புக்கா. ஒரு படம் குறைஞ்சாலும் மொத்தத்தையும் தள்ளிடுவாங்க" என்று வரைபடக்காரர் நகத்தைக் கடித்தார். மணி மூன்று.

"பொறுப்பா, நகத்தைக் கடிக்காதே. வரையற கை அது."

வாய்தான் கேலி பேசியது, கை பொத்தானை விடவில்லை. தன் மேசையிலிருந்து நூறு முறை கேட்டாயிற்று, நூறு பதில்களும் சரி. அப்படியானால் கோளாறு வெளியேதான் என்று முடிவு கட்டிய முதலாளி, இணைய இணைப்பு கொடுத்தவர்களைப் போனில் வறுத்தெடுக்க ஆரம்பித்தார்.

நூற்றியோராவது கோட்டைப் போடப் போன கேள்வியக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அட மக்கு! கடிதம் கிளம்பறது என் மேசையிலிருந்தா?"

சர்வர்கள் இருக்கும் குளிர் அறைக்கு ஓடி, மெயில் சர்வரின் முன்னால் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்து கேட்டார். முப்பது முறை கேட்டதில் பத்து முறை பதிலே இல்லை. மூன்றில் ஒன்று! அது யார் யாரிடம் மாறி மாறிப் போய்க் கேட்கிறது என்ற பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் பெரியப்பா.

பெரியப்பாவுக்குப் போன வெள்ளிக்கிழமைதான் ஓய்வு கொடுத்து, துணி போர்த்தி, "உழைச்சது போதும், தூங்குங்க" என்று இவரே அலமாரியில் ஏற்றி வைத்திருந்தார். அந்த இடத்துக்கு அத்தை என்ற புது இயந்திரம் வந்தாயிற்று. எல்லாக் கணினியிலும் பெயரை மாற்றியவர், இந்த ஒன்றில் மட்டும் மறந்துபோனார்.

கேள்வியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தூங்கற மனுஷன்கிட்ட நாலு நாளா வழி கேட்டுக்கிட்டு நிக்குது, பாவம்!"

பெரியப்பாவை அழித்து அத்தையை எழுதினார். வரிசையில் நின்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. மூன்று நாற்பத்தெட்டுக்கு, ஒன்பது படங்களும் கிடைத்தன என்று பதில் வந்தது. வரைபடக்காரர் நாற்காலியில் ஏறிக் குதிக்க, அலுவலகமே கைதட்டியது. கேள்வியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

"அக்கா, இது யாரு செஞ்ச தப்பு?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

முதலாளி அறையில் வசவு இன்னும் ஓயவில்லை. கேள்வியக்கா விறுவிறுவென்று உள்ளே போனார், பேசிக்கொண்டிருந்தவர் கையிலிருந்தே போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"தம்பி, உங்க மேல ஒரு குத்தமும் இல்லப்பா. தப்பு என்னுது. மன்னிச்சுக்குங்க."