எட்டுச் சீட்டு விருந்து

"இரண்டாம் நாள் மத்தியானம் ஒருத்தருக்கும் பசிக்கக் கூடாது" என்று கட்டம் போட்ட தாளில் எழுதி, பிரபாலினி அதன் கீழே இரண்டு கோடு இழுக்கிறாள். பிறகு பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, பசிக்காமல் இருப்பதற்கான வழியை எங்களுக்கு விளக்குகிறாள். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மண்டபம் பத்தரைக்குத்தான் பூட்டும். பத்தேகாலுக்கு உள்ளே போக வேண்டும். முதலில் முட்டை, பிறகுதான் பாணும் வெண்ணெயும். பழச்சாறு குடித்து வயிற்றை நிரப்பக் கூடாது. "அது சும்மா தண்ணி. ஒரு மணித்தியாலத்திலை போயிடும்."

ஒக்டோபர் பள்ளி விடுமுறையில் தெற்கே உள்ள பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு மூன்று நாள் போவதாக ஏற்பாடு. அங்கே சாப்பாட்டுக்கு முன்கூட்டியே காசு கட்டிச் சீட்டு வாங்கிவிடலாம். ஆனால் நாலு பேருக்குச் சேர்த்துத்தான் தருவார்கள். வீட்டில் இருப்பதோ மூன்று பேர்: பிரபாலினி, பஸ் ஓட்டும் கணவர் இராசலிங்கம், பதினாறு வயது மகள் தேனுஜா. ஆகவே மேல்மாடியில் குடியிருக்கும் என்னை நாலாவது வயிறாகச் சேர்த்துக்கொண்டாள். "அக்கா, நீங்கள் மேலை கீழை சுத்துற ஒண்டிலையும் ஏறத் தேவையில்லை. சாப்பிட வந்தால் காணும்."

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. எண்பத்திரண்டு பேரில் யாருக்குப் பல் இல்லை, யாருக்குச் சீனி ஆகாது, யார் கோபம் வந்தால் சூப்பைத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் தாளில் இல்லை, தலையில் இருக்கிறது. தொங்கு ரயிலில் பக்கத்தில் இருப்பவர் கடதாசிப் பையில் என்ன கொண்டுபோகிறார் என்று மணத்திலேயே சொல்லிவிடுவாள். வெள்ளிக்கிழமைகளில் அந்த இல்லத்தில் மீன். அவள் வீட்டில் வெள்ளி என்றால் மரக்கறி. எண்பத்திரண்டு துண்டு மீனையும் அவளே பொரிப்பாள். உப்புப் பார்க்க மட்டும் கூட வேலை செய்யும் அஞ்சலாவைக் கூப்பிடுவாள்.

பூங்காவின் சீட்டுக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காலைச் சாப்பாடு அறையோடு சேர்ந்தது. அதற்கு மேல் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சாப்பாட்டுச் சீட்டும், வாஃபிளுக்கோ உருளைக்கிழங்குப் பொரியலுக்கோ ஒரு சின்னச் சீட்டும். சாப்பாட்டுச் சீட்டு மொத்தம் பன்னிரண்டு. மூன்றாம் நாள் இரவு விருந்துக்கு ஆளுக்கு இரண்டு, ஆகவே எட்டு. முதல் நாளுக்கு நாலு. இரண்டாம் நாளுக்கு ஒன்றும் இல்லை. அந்த இரண்டு கோடு அதற்குத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வைத்து ஒத்திகையும் பார்த்தாள். பத்தேகாலுக்கு முட்டையும் பாணும். மூன்று மணிக்கு ஆளுக்கு ஒரு வாஃபிள். பிறகு இரவு வரை ஒன்றும் இல்லை. ஐந்து மணிக்கு இராசலிங்கம் காரில் காற்றுப் பார்க்க வேண்டும் என்று கீழே இறங்கினார். இருபது நிமிடம் காற்றுப் பார்த்தார். தேனுஜா ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா மிக்சர் பையோடு இருக்கிறார் என்று அறிவித்தாள். "உங்கடை அப்பாவாலை திட்டம் பிழையாப் போகாது," என்றாள் பிரபாலினி. "அவருக்கெண்டு ஒரு வாழைப்பழம் எழுதியிருக்கிறன்."

இவ்வளவும் எதற்காக என்றால், அந்த விருந்துக்காக. பூங்காவின் கோட்டை ஹோட்டலில், கல் நிலவறையில், ஐந்து சுற்று, இரண்டரை மணித்தியாலம். பழங்காலக் குதிரைவீரர் போல உடுத்தவர்கள் பரிமாறுவார்கள். விருந்தினர் எழுந்து போய் எதையும் எடுக்கத் தேவையில்லை என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தது. அதை மகளைக் கொண்டு இரண்டு தரம் வாசிப்பித்தாள். இருந்த இடத்துக்குச் சாப்பாடு வந்து நீ கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று கேட்டேன். யோசித்தாள். "தேனுஜா பிறந்த நேரம் ஆஸ்பத்திரியிலை. அதுவும் உப்பில்லை."

போவதற்குப் பத்து நாள் இருக்கையில் தேனுஜா ஒரு கறுப்புச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை விருந்துக்கு இது சரியா என்று கேட்டாள்.

பென்சில் நின்றது. தாளில் முதலாம் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்றுதான் இருந்தது. பதினேழு வருடமாக அவளுக்குக் கிழமையைச் சொல்வது அடுப்பு. அடுப்பு இல்லாத மூன்று நாளுக்கு அவள் கிழமை பார்க்கவே இல்லை. விருந்தில் இரண்டாம் சுற்று வாத்து, மூன்றாம் சுற்று பன்றிக்கால்.

இராசலிங்கம் முதலில் சிரித்தார். பிறகு, அவள் பாணும் சலாட்டும் சாப்பிடலாம், மற்ற மூன்று பேரும் இறைச்சியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சமாதானம் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அவரும் மகளும் வெளியில் கெபாப் சாப்பிடுவது அவளுக்குத் தெரியும், ஒருநாளும் கேட்டதில்லை. இதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

"வெளியிலை தனியச் சாப்பிட்டால் அது உங்கடை பாடு. ஒரு மேசையிலை எல்லாரும் இருந்தால் அது வீடு."

அடுத்த நாள் தேனுஜா பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள். பதிந்த திகதியை மாற்ற ஏலாது, வியாழன் நிரம்பிவிட்டது. வேண்டுமென்றால் விருந்தை விட்டுவிடலாம், எட்டுச் சீட்டும் திரும்பக் கிடைக்கும். அவற்றைத் தட்டேந்தி வரிசையில் நின்று வாங்கும் சாப்பாட்டுக்குப் பாவிக்கலாம். மரக்கறி கேட்டால் ஐந்து சுற்றுக்குப் பதிலாக ஒரு தட்டு லசான்யா தருவார்களாம். "லசான்யா வேலையிலை செவ்வாய்க்கிழமை," என்று சொல்லிவிட்டு பிரபாலினி தாளை நாலாக மடித்தாள். அன்றும் மறுநாளும் அவள் சீட்டைப் பற்றிப் பேசவில்லை. வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. இராசலிங்கமே கடைசியில் தொலைபேசியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "நீர் ஒருக்காக் கதைச்சுப் பாருமன். மேசைக்காரரோடை கதையாதையும், சட்டிக்காரரோடை கதையும்."

அவள் எப்படியோ கோட்டை ஹோட்டலின் சமையலறையையே பிடித்துவிட்டாள். மறுமுனையில் உதவித் தலைமைச் சமையல்காரி. பின்னால் பாத்திரம் விழும் சத்தம் எங்களுக்கும் கேட்டது. தான் வாடிக்கையாளர் என்று பிரபாலினி சொல்லவே இல்லை; எண்பத்திரண்டு பேருக்குச் சமைப்பவள் என்று சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். சூப்புக்கு எலும்பு அவிக்கிறீர்களா? உருளைக்கிழங்கு உருண்டையில் முட்டை உண்டா? சிவப்பு முட்டைக்கோவாவை வதக்குவது எண்ணெயிலா, பன்றிக் கொழுப்பிலா? கடைசிச் சுற்றில் வரும் பழக்கூழை எதைப் போட்டு இறுக வைக்கிறீர்கள், எலும்பு ஜெலட்டினா? அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. இந்த நாலு கேள்வியையும் ஒரே ஆள் தன்னிடம் கேட்டதில்லை என்றாளாம் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு நடந்தது தொழில் பேச்சு. காளான் போட்ட சூப், முட்டையில்லாத உருண்டை, வேறு சட்டியில் எண்ணெயில் வதக்கிய கோவா, பூசணிக்காயைத் தணலில் முழுதாகச் சுட்டு வீரர்களின் வாளால் மேசையிலேயே வெட்டுவது. நாலு பேருக்கு, ஐந்து சுற்று. முப்பத்தைந்து நிமிடம் கழித்து பிரபாலினி தொலைபேசியை வைத்தபோது அவளுடைய காது சிவந்திருந்தது. மடித்த தாளை விரித்து, கையால் நீவி, மூன்றாம் நாளுக்குப் பக்கத்தில் "வெள்ளி" என்று எழுதினாள்.

"மூண்டு நாள் போய், கடைசியிலை கோவாவோ," என்றார் இராசலிங்கம்.

"புதன்கிழமை உங்களுக்கு ரெண்டு சொசேஜ் வாற தட்டு எழுதியிருக்கிறன். பேசாமல் இருங்கோ."

புதன்கிழமை அவர் அதைச் சாப்பிட்டார். வியாழக்கிழமைத் திட்டம் மாலை நாலு மணி வரை நின்றது. அதன் பின்னர் பசியை மறக்க அப்பாவும் மகளும் தண்ணீரில் பாயும் படகில் ஆறு தரம் ஏறினார்கள். நான் அவர்கள் கழற்றிய ஈரச் சப்பாத்துகளைக் காவல் காத்தேன். பிரபாலினி எல்லா உணவுக்கடைகளின் வாசலிலும் நின்று பட்டியல் வாசித்தாள். அதுதான் அவளுக்கு ராட்டினம்.

வெள்ளி மாலை நிலவறையில் மெழுகுதிரி வெளிச்சம். மற்ற மேசைகளில் வாத்தின் கால்கள் உயர்ந்துகொண்டிருந்தன. எங்கள் மேசைக்குப் பூசணிக்காய் வந்தபோது, தகரக் கவசம் போட்ட இருவர் அதைத் தோளில் காவிவந்து இறக்க, பக்கத்து மேசைப் பிள்ளைகள் கை தட்டினார்கள். இராசலிங்கம் முதல் துண்டை மென்று முடித்தார். இரண்டாவதைத் தானே கேட்டு வாங்கினார். பிரபாலினி கோவாவை மென்று, "கறுவாப்பட்டை ஒரு சொட்டுக் கூடிப்போச்சு," என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

அப்போது பரிமாறுகிறவன் குனிந்து அவளிடம் ஒரு செய்தி சொன்னான். சமையல்காரி கூப்பிடுகிறாள், விரும்பினால் இப்போதே உள்ளே வந்து சமையலறையைப் பார்க்கலாமாம். தேனுஜா அம்மாவின் கைப்பையை வாங்கக் கையை நீட்டினாள். இராசலிங்கம் அவள் போவதற்குத் தன் கதிரையை இழுத்து வழி விட்டார். நானும் என் கால்களை ஒதுக்கினேன்.

பிரபாலினி வாயைத் துடைத்தாள். நன்றி சொல்லுங்கள், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லுங்கள் என்று ஜெர்மன் மொழியில் நிதானமாகச் சொன்னாள். பிறகு மரத்தட்டை இரண்டு கையாலும் தூக்கி அவன் பக்கம் நீட்டி, அவன் கோவாக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து பரிமாறும்வரை, இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.