மாற்றச் சொன்ன கதவு

ஒடுக்கு விழுந்த கதவை மாற்றச் சொல்கிறவனைச் சோம்பேறி என்று திட்டுவார் டிங்கர் மரியசூசை. மரக்காணத்தில் எந்தப் பழைய கார் வந்தாலும் தட்டியே நிமிர்த்திவிடுவார்.

சுனாமிக்கு அடுத்த மாதம் தேவநாதன் தன் அம்பாசடரைக் கொண்டுவந்தார். அலை வந்தபோது அவர் மனைவி அதற்குள்தான் இருந்தாள்.

"ஒரு நொடியில போயிட்டா, கஷ்டப்படலைன்னு சொன்னாங்க. இந்தக் கதவ மட்டும் தட்டிக் குடுண்ணே."

மரியசூசை கதவைக் கழற்றி, உள்பக்க அட்டையைப் பிரித்தார். உள்ளேயிருந்து உதைத்து உதைத்து, தகரமெங்கும் குதிகால் அளவில் குழிகள். கைப்பிடி இடுக்கில் உடைந்த வளையல்.

"உப்பு தின்னுடுச்சுப்பா. இது ஆவாது, வேற கதவு போட்டுக்கலாம்" என்றார். தகரம் கெட்டியாகத்தான் இருந்தது.

"நீயாண்ணே மாத்தச் சொல்ற?" என்றபடி தேவநாதன் கிட்டே வந்தார்.

மரியசூசை அவசரமாகக் கதவைத் திருப்பி, உள்பக்கம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்.