அமுதாவின் மூக்கும் என் சீட்டும்

அமுதா என் எதிரில் உட்கார்ந்து அழுதது ஒரு முட்டைக்காக. சிங்கவரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். அன்று அவித்த முட்டையில் ஒன்று கெட்டுப்போயிருந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது.

“எனக்கு ஒரு வாசனையும் தெரியல டாக்டரம்மா. பருப்பு அடிபுடிச்சாலும் தெரியல. புள்ளைங்களுக்கு எதுனா ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? வேலைய வுட்டு நின்னுடலாமான்னு இருக்குது.”

செஞ்சி கடைத்தெருவில் காது மூக்கு தொண்டை டாக்டராக நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவள் நான். கோபக்கார டாக்டர் என்று ஊரில் பெயர். சளி பிடித்த மூன்றாம் நாளே ஆன்டிபயாடிக் கேட்டு நிற்பவர்களோடு சண்டை போட்டுச் சம்பாதித்த பெயர் அது. பெரும்பாலான சைனஸ் தொல்லை தானாகத் தணியும். பத்து நாள் தாண்டியும் குறையாவிட்டாலோ, குறைந்து மறுபடி ஏறினாலோதான் அந்த மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும். இந்த நெறிமுறையை நான் தூக்கத்திலும் ஒப்பிப்பேன். அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அமுதாவுக்கு இருந்தது நாள்பட்ட சைனஸ். ஐந்து மாதமாக இரண்டு பக்கமும் அடைப்பு, உள்ளே சின்னச் சின்னச் சதை வளர்ச்சி. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும், காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவுவதும் எழுதிக் கொடுத்தேன். பொறுமையாகத் தொடர வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று மாதம் போனது. ஒரு மாற்றமும் இல்லை.

“ஒழுங்கா போடறியா, இல்ல சும்மா சொல்றியா?” என்று எரிந்து விழுந்தேன்.

“நாள் தவறாம போடறேம்மா. எம் புள்ள மேல சத்தியமா.”

ஸ்கேன் எடுத்து ஆபரேஷனுக்கு அனுப்பலாம் என்று கடிதம் எழுத ஆரம்பித்தேன். மருந்தைச் சரியாக எடுத்தாரா என்று பார்த்த பிறகே ஆபரேஷனை யோசிக்க வேண்டும் என்பதும் நெறிமுறைதான். கேட்டாலே பார்த்ததாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அமுதாவோ நான் நம்பவில்லை என்ற வருத்தத்தில், பையிலிருந்து ஸ்பிரேயையும் உப்புத் தண்ணீர் பாட்டிலையும் எடுத்து மேசைமேல் வைத்தார். அது மூன்றாவது ஸ்பிரே, அதுவும் பாதி காலியாகியிருந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

“சரி, எனக்கு எதிர்லயே போட்டுக் காட்டு.”

வாஷ்பேசின் முன்னால் நின்றார். தலையை லேசாகத் தாழ்த்தினார். மூக்கின் நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் பார்த்து அடித்தார், மெதுவாக உறிஞ்சினார். அச்சுப் பிசகாத முறை. மனதுக்குள் பாராட்டி முடிப்பதற்குள் உப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூக்கில் பீய்ச்சினார். அடித்த மருந்தெல்லாம் தண்ணீரோடு பேசினில் போனது.

“எம்மா! இன்னா பண்ற நீ?”

பயந்துவிட்டார். “சமைச்சா சட்டிய கழுவி வெக்கறதில்லையா? மருந்து உள்ளயே ஒட்டிக்கினு கெடந்தா நல்லதாம்மா? நீங்கதான இப்டி எழுதிக் குடுத்தீங்க.”

மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் ஸ்பிரே, இரண்டாவது வரியில் உப்புத் தண்ணீர். முக்கியமான மருந்தை மேலே எழுதுவது என் பழக்கம். எதை முதலில் செய்வது என்று வாயால் சொல்லவே இல்லை. அமுதா என் வரிசையை ஒரு நாள் தப்பாமல் பின்பற்றியிருக்கிறார். அந்த மூன்று மாதமும் சமையலறையில் பயந்து பயந்து நின்றிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

“தப்பு எம் மேலதாம்மா. மொதல்ல கழுவணும். கொஞ்ச நேரம் கழிச்சிதான் ஸ்பிரே.”

“போவட்டும் வுடுங்கம்மா. அதுக்குப் போயி மூஞ்சிய இப்டி வெச்சிக்கினு” என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

கடிதத்தை நிறுத்தி வைத்தேன். எல்லோருக்கும் வரிசையை மாற்றினாலே சரியாகிவிடாது, சிலருக்கு ஆபரேஷன் வேண்டித்தான் இருக்கும். இருந்தாலும் இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். “போடறீங்களா?” என்று கேட்காதீர்கள், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் சீட்டையும் ஒருமுறை அவர்கள் கண்ணால் படியுங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், டோக்கன்கூட வாங்காமல் அமுதா உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“காலைல சிலிண்டர் மாத்தனாங்கம்மா. அடுப்பு பத்த வெக்கப் போனேன், குப்புனு கேஸ் நாத்தம். சிலிண்டர மூடிட்டு, ஜன்னலத் தொறந்து வுட்டுட்டு, எல்லாரையும் வெளிய இட்டாந்துட்டேன். வேற யாருக்கும் தெரியலம்மா, எனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிது!”

நான் அழுதுவிட்டேன். கேஸ் கம்பெனி ஆள் வந்து சரிபார்த்துப்போன பிறகு அதே அடுப்பில் சாம்பார் வைத்திருக்கிறார். அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்டார்கள்.