பொடி மணக்காத விரல்

நேற்று பனச்சமூட்டு பஸ் நிறுத்தத்தில் ஒரு பொடியன், பள்ளிக்கூட வேனில் ஏறமாட்டேன் என்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். "இப்பம் ஆரும் அடிக்கமாட்டாவ மக்கா, ஏறு" என்று அவன் அம்மா கெஞ்சினாள். பக்கத்தில் நின்ற ஒருவர் நிதானமாக மூக்குப்பொடி போட்டார். அந்த நெடி வந்ததும் எனக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. சிரிக்காதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

எங்கள் மூன்றாம் வகுப்பு சார் பொடி போட்டுவிட்டுத்தான் பிரம்பை எடுப்பார். பிள்ளையின் விரல் நுனியை இடது கையால் பிடித்துக்கொண்டு அடிப்பார். அடி வாங்கிய விரலில் சாயங்காலம்வரை பொடி மணக்கும். அது ஊருக்கே தெரியும். என்னை மட்டும் அடித்ததில்லை. என் சிலேட்டைத் தரையில் வைக்கச் சொல்லி, எட்ட நின்று காற்றிலேயே சரி போடுவார். என்மேல் அத்தனை பிரியம் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். வீட்டில் மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்குதான், அதுவும் கிடைத்தால். பெருமைக்கு மட்டும் குறைவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்த தங்கம்மைதான் ஒருநாள் சொன்னாள்: "ஒனக்க கைய சாரு தொடமாட்டாரு. ஒங்க சாதி வேறயாக்கும்." குத்திக்காட்டவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

மறுநாள் வேண்டுமென்றே கணக்கைத் தப்பாகப் போட்டுக் கையை நீட்டினேன். சார் பொடி டப்பாவை மூடிவிட்டு, "போய் இரி" என்றார். அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்றேன். அம்மாவோடு கதம்பை அடிக்கப் போகிறேன் என்று அடம்பிடித்தேன். காரோடு ஊர்ப் பக்கம் குளத்துத் தண்ணீரில் அழுகப்போட்ட தேங்காய் மட்டையை நாள் முழுக்க அடித்து நார் எடுப்பவள் அவள். எத்தனை தேய்த்தாலும் கையைவிட்டு அந்த நாற்றம் போகாது. அந்த வேலைக்கு நான் வரவே கூடாது என்பது அவள் வைராக்கியம்.

"சாரு அடிச்சாரா?"

"இல்ல."

"பின்ன என்னத்துக்கு அழுற?"

"அடிக்கேல, அதாக்கும்."

மறுநாள் காலையில் அம்மா வேலைக்குப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு வந்து, வகுப்புக்கு வெளியே நின்று கேட்டாள்: "சாரே, மத்த பிள்ளியள அடிக்கியது போல இவளயும் அடிக்கணும்." கூலியைப் போக்கிக்கொண்டு வந்து இப்படிக் கேட்ட தாய் வேறு எங்காவது உண்டா, தெரியவில்லை. சார் தலையாட்டினார். அம்மா போனதும் பிரம்பைத் தங்கம்மையிடம் கொடுத்து என்னை அடிக்கச் சொன்னார். அவள் அழுதுகொண்டே அடித்தாள். நான் அழவில்லை, எதற்காக அழுவது என்று பிடிபடவில்லை.

சாயங்காலம் அம்மா கேட்டாள்: "அடிச்சாரா மக்கா?"

"அடிச்சாரு."

என் கையைப் பிடித்துத் தடவினாள். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "பின்ன என்ன, நாளைக்கும் போ" என்றாள். போனேன். போய்ப் போய் மாதச் சம்பளம் வாங்கும் வேலைவரை வந்துவிட்டேன்.

இப்போது பள்ளிக்கூடத்தில் பிரம்பு இல்லை. சாரும் இல்லை. கதம்பை ஊறிய குளத்தை மண்ணிட்டு மூடிக் கார் நிறுத்துகிறார்கள். அம்மாவும் போய்விட்டாள். அன்று என் விரலில் பொடி மணக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்ததா, அவள் கையின் கதம்பை நாற்றத்தில் தெரியாமல் போனதா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.