தாத்தா இறங்காத ஊர்

எங்கள் அப்பாவுக்கு எஸ்டேட்டில் கணக்கு முடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது எழுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில். சின்னக்கானல் பக்கம் கணக்கு முடிப்பது என்றால் வேலை மட்டும் போவதில்லை, எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பேர் பதிந்து வேலைக்குப் போனால்தான் வீடு நிற்கும். நான் ஒரே பிள்ளை. கல்யாணமாகி அடுத்த டிவிஷனில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாங்கள், கைக்குழந்தை. "ஒருத்தர் பொரண்டு படுக்கணும்னா அத்தன பேரும் சேந்துதான் பொரளணும்" என்பார் என் மாமியார். அந்த வீட்டில் அப்பாவையும் அம்மாவையும் எந்த மூலையில் வைப்பது?

அப்பா அப்போது கலங்கவில்லை. "நமக்குத்தான் கீழ ஊரு இருக்கே" என்றார்.

ஊர் என்று அவர் சொன்னது, அவருடைய தாத்தா பிறந்த ஊரை. மலை முழுக்கக் காடாகக் கிடந்த காலத்தில் கீழேயிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறி வந்து, காட்டை வெட்டித் தேயிலைக்கு வழி செய்தவர் அந்தத் தாத்தா. டீக்கடையில் அப்பா அந்தப் பெருமையை விடவே மாட்டார். "இந்த மலையில மொத மரத்துல கோடாலி வச்சது யாருன்னு நெனச்ச? எங்க தாத்தா." கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "அதான பாத்தேன், மலைய இப்பிடி மொட்டையடிச்சது யாருன்னு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார்.

ஏறி வந்த தாத்தா சாகிற வரைக்கும் இறங்கவில்லை. கேட்டால், "கீழ நமக்கு யாரும் இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாராம். அவர் போகாததால் அவர் மகனும் போகவில்லை, அப்பாவும் போகவில்லை. ஊர்ப்பெயர் மட்டும் தெரியும். ஊருக்கு மேற்கே, புளியமரத்தை ஒட்டி நமக்கு ஒரு வீட்டு மனை உண்டு என்பதும் தெரியும். அந்த மனையை நம்பித்தான் அம்மா சட்டி பானைகளைக் கட்டி வைக்க ஆரம்பித்தாள். "ஒரு நாளாவது கால் காஞ்ச தரையில நிக்கணும்டி. பொறந்ததுலேருந்து ஈரத்துலயே நிக்கிறேன்" என்றாள்.

நானும் அப்பாவும் போனோம். போடிமெட்டு வரை நடை, அங்கிருந்து ஜீப், போடியில் பஸ், பிறகு மறுபடியும் நடை. அப்பா உல்லன் சட்டையைக் கழற்றவே இல்லை. அவரிடம் இருந்த நல்ல சட்டை அது ஒன்றுதான். சொந்த ஊருக்குள் முதன்முதலாக நுழைகிறவர் கிழிந்த பனியனோடு நுழைவாரா? வேர்த்து வழிய நடந்தார்.

ஊர் முகப்பில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒருவர், "எங்கிட்டு இருந்து வர்றீக? யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். அப்பா தன் தாத்தாவின் பெயரைச் சொன்னார். அந்த ஆள் எழுந்து நின்றுவிட்டார். மரியாதைக்கு எழுந்தார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பக்கத்து வீட்டைப் பார்த்து, "பெரியாத்தா, இங்க வா. மலைக்குக் கூட்டிட்டுப் போனவரு வீட்டு ஆளு வந்திருக்காக" என்றார்.

வந்த அம்மாளுக்கு அறுபது தாண்டியிருக்கும். எங்களை உட்கார வைத்து முதலில் மோர் கொடுத்தார். "சட்டையக் கழட்டிப் போட்டு உக்காருங்க, இங்க யாரு பாக்கப் போறா" என்றார். நாங்கள் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தயங்கித் தயங்கி மனையைப் பற்றி எடுத்தார்.

"இருக்கே. வாங்க, காட்டுறேன்."

புளியமரத்துக்குப் பக்கத்தில் வேலி இல்லாத மனை. பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அதில் முழங்கால் உயரத்துக்கு வரிசையாகக் கற்கள் நட்டிருந்தார்கள். எண்ணெய் பூசிக் கறுத்த கற்கள், எல்லாம் மலையைப் பார்த்து நின்றன.

"இது எங்கப்பன்" என்றார் அந்த அம்மாள், ஒரு கல்லைத் தொட்டு. "நான் ஆத்தா வயித்துல இருக்கையில போனவரு. இது எங்க சின்னையா. அந்தா, அந்த மூணும் ஒரே வீட்டு ஆளுக. காடு வெட்டப் போவோம் வாங்கன்னு உங்க தாத்தாதான் கூட்டிட்டுப் போனாரு. காய்ச்சல்ல எல்லாரும் போய்ச் சேந்துட்டாகன்னு ஏலக்கா வாங்கப் போன யாவாரி வந்து சொன்னான். உங்க தாத்தா வந்து ஒரு வார்த்தை சொல்லல."

"அதுக்கு ஏன் எங்க மனையில…" என்று அப்பா இழுத்தார்.

"அவரு வந்தா மொதல்ல இது கண்ணுல படணும்னு அப்பப் பெரியாளுக நட்டுட்டாக. அவரு வரல."

பேச்சில் குத்தல் இல்லை, குரல் ஏறவும் இல்லை. "மனை உங்களுதுதான்யா. ஊர்ல ஒருத்தரும் கை வைக்கல. நல்லாக் கட்டிக்கிருங்க. இந்தக் கல்லுகள எங்கிட்டுக் கொண்டுபோய் வைக்கட்டும்னு மட்டும் சொல்லுங்க, நாங்க தூக்கிக்கிறோம்."

அந்த அம்மாளே மறுபடி கேட்டார்: "நீங்க அங்கயே பொறந்து வளந்தவுக. எங்கப்பன எங்கிட்டுப் பொதைச்சாகன்னு யாரும் சொல்லிக் கேட்டிருக்கீகளா?"

"தெரியாதும்மா" என்றார் அப்பா.

எனக்கும் தெரியாது. அந்த மலையில் புதைத்த இடம் என்று எதைக் காட்டுவது? எல்லாச் சரிவிலும் தேயிலை. நான் தினமும் கூடையோடு ஏறி இறங்கும் சரிவாகவும் இருக்கலாம்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார் அந்த அம்மாள். கம்மஞ்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். அப்பா தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். திரும்பும்போது ஜீப்பில் ஒரே ஒரு முறை பேசினார். "அந்தம்மா ஏசியிருக்கலாம். ஏசியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு பேசி, பஞ்சாயத்து வச்சாவது மனைய வாங்கியிருப்பேன். மோரக் குடுத்துல்ல அனுப்புது."

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "எடம் இருக்கா?"

"இருக்கு."

"பெறகென்ன?"

"அதுல ஆளுக இருக்காங்க."

"காலி பண்ணச் சொல்ல வேண்டியதுதான?"

அப்பா உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா சொல்லாததை நான் எப்படிச் சொல்ல?

கணக்கு முடிந்தது. அடுத்து வரும் குடும்பம் சாமான்களோடு வாசலில் காத்திருக்க, நாங்கள் எங்கள் சாமான்களைத் தூக்கினோம். ஏலக்காடு வைத்திருந்த ஒருவர், காவலுக்கு இருந்துகொள்ளுங்கள் என்று காய் உலர்த்தும் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு கொடுத்தார். தகரக்கூரை, மண்தரை. மழையில் தண்ணீர் உள்ளே வந்து மறுபக்கமாகப் போகும். உலர்த்துகிற நாட்களில் புகை, மற்ற நாட்களில் குளிர். அம்மாவின் இருமல் அங்கேதான் தொடங்கியது.

ஒரு சாயங்காலம் கஞ்சி கொண்டுபோனேன். அப்பா வெளியே விறகு பிளந்துகொண்டிருந்தார். அம்மா இருமி இருமி ஓய்ந்ததைப் பார்த்ததும் என் வாய் நிற்கவில்லை. கல், அந்த அம்மாள், மோர், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கல்லுதானடி இருந்துச்சு?" என்றாள் கடைசியில். "அதுக பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். பெருக்கி, வெளக்கு வச்சு, ஒரு ஓரமா நான் இருந்திருப்பனே. என்னய ஒரு வார்த்தை கேக்கலயே அந்த மனுசன்."

வெளியே விறகு பிளக்கும் சத்தம் நின்றுவிட்டது. எங்கள் இருவருக்கும் அது கேட்டது. அப்பா உள்ளே வரவில்லை. நான் வெளியே போய், "இன்னொரு தடவ போய்க் கேப்போமாப்பா?" என்றேன்.

"என்னன்னு கேக்க? செத்தவுகளோட மக, பேரன் மொகத்துல நான் தினமும் முழிக்கணுமா?" என்றார். பிளந்த விறகை அடுக்கிக்கொண்டே, "உங்கம்மாவால முடியும். என்னால முடியாது" என்றார்.

அடுத்த மழை தாண்டுவதற்குள் அம்மா அந்த இருமலிலேயே இறந்துவிட்டாள். அப்பா அதற்குப் பிறகும் மூன்று நான்கு வருஷம் அந்தச் சாய்ப்பிலேயே காவல் இருந்தார்.