ஏழாம் கட்டிலின் நாற்பத்தொன்று

நம்பினால் நம்புங்கள். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில். மலாவியில், ஏரிக்கரை ஆஸ்பத்திரி ஒன்றின் மனநல வார்டில் நான் நர்ஸ்.

வார்டுக்கே ஒரே ஒரு தெர்மாமீட்டர். பாதரசத்தை உதறி இறக்காமலே அடுத்தவர் அக்குளில் செருகிவிடுவது எங்கள் வழக்கம். அதனால் அது காட்டுவதை யாரும் முழுசாக நம்புவதில்லை.

ஏழாம் கட்டிலில் ஃபைசன். கத்திக்கொண்டு வந்தவனுக்கு மனநோய்க்கான ஊசி போட்டு வந்தோம். மூன்றாம் நாள் பேச்சு நின்றது. வியர்வையில் விரிப்பு நனைந்தது.

"அண்ணே, கட்டையா கெடக்கான். கஞ்சிகூட எறங்கல," என்றாள் துணைக்கு இருந்த அவன் அக்கா எஸ்தெரே.

தெர்மாமீட்டர் செல்சியஸில் நாற்பத்தொன்று காட்டியது.

"எவனோ உதறாம வெச்சிருக்கான். நெசமா இருந்தா உன் தம்பி வெந்துல்ல போயிருப்பான்? மலேரியாதான், தாயி. வாயத் தெறக்காதது வெறும் வீம்பு."

உதறி மறுபடி செருகினேன். சீட்டில் முப்பத்தெட்டு என்று குத்துமதிப்பாக எழுதினேன். அதே மனநோய் ஊசி இன்னொன்றும் போட்டேன். மணி 3:20. தெர்மாமீட்டரை எடுத்துப் பார்க்கவே இல்லை.

ஆறு மணிக்கு இறந்துவிட்டான். அந்த மருந்தே சிலருக்கு உடம்பை விறைக்க வைக்கும், கொதிக்க வைக்கும், உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் பிறகுதான் சொன்னார். பாவி நான்.

மறுநாள் தெர்மாமீட்டர் வழக்கம்போல் மேசைக் கிண்ணத்தில் இருந்தது. தற்செயலாகப் பார்த்தேன். நாற்பத்தொன்று. மணி 3:20...

உதறினேன். இறங்கியது. அடுத்த நாள் 3:20க்கு மறுபடி நாற்பத்தொன்று.

மூன்று வாரம் இப்படியே. யாரிடம் சொல்வது?

பிறகு ஏழாம் கட்டிலுக்கு மிக்சன் என்றொரு புது ஆள் வந்தான். அவனுக்கும் அதே மருந்து. மூன்றாம் நாள் ஊசியோடு குனிந்தேன்.

கிணிங்...

கிண்ணத்தில் கண்ணாடி தட்டும் சத்தம். மேசைப் பக்கம் யாரும் இல்லை.

3:20.

கிணிங்... கிணிங்...

மிக்சனின் கையைத் தொட்டேன். கொதித்தது.

மடக்கினேன். மடங்கவில்லை.

ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். மிக்சன் பிழைத்தான்.

அடுத்த வாரம் எஸ்தெரே வந்தாள். தம்பியைச் சுற்றிக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக் கம்பளியைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தாள்.

"என்னை மன்னிச்சிரு, தாயி," என்றேன்.

"நீங்கதான் மன்னிக்கணும், அண்ணே. உங்க காய்ச்சல் பாக்குற குச்சியத் திருப்பித் தர முடியல. குளிப்பாட்டும்போதுதான் பாத்தோம், அவன் அக்குள்ல இருந்துச்சு. கை வெறச்சுக் கெடந்துச்சு, பிரிக்க முடியல. அதோடயே பொதச்சிட்டோம்."

வார்டுக்கே ஒன்றுதான். இத்தனை நாளாக நான் உதறி வைத்தது என் முதுகுக்குப் பின்னால், மேசைக் கிண்ணத்தில் கிடந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.