ஷாகுல் பாயின் கர்ச்சீப்

"மிஷின் புதுசா கீதே, அழுக்காவ வேணாம்னு கர்ச்சீப்ப சுத்தி வச்சேன் பாப்பா," என்றார் ஷாகுல் பாய்.

"புகையப் புடிக்கத்தான் பாய் அத உங்க காலர்ல மாட்டுனேன்."

"என் மூக்குக்கே கர்ச்சீப்தான். உன் மிஷின் இன்னா, என்னவிட ஒஸ்தியா?"

திருமுடிவாக்கம் பட்டறையில் அவர் இருபது வருட வெல்டர். வெல்டர்கள் இழுக்கும் புகையை அளக்க வந்த ஆராய்ச்சி மாணவி ஜெரூஷா, ஒரு நாள் உழைப்பு போயிற்றே என்று நொந்துகொண்டுதான் கருவியைத் திறந்தாள். துணி மறைத்ததால் வெள்ளையாகவே இருக்கும் என்று அவள் நினைத்த வடிதாள் சாம்பல் நிறமாகியிருந்தது. ஆவியான உலோகம் குளிர்ந்து உண்டாகும் அந்தப் புகைத் துகள்களில் பெரும்பாலானவை, தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இராது. துணியின் இழைகளுக்கு நடுவே அவை தாராளமாகப் புகுந்து வந்திருந்தன.

இதை அவள் சொன்னதும் பாய் வடிதாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு ஒரு வருடமாக இருமல் இருந்தது.

ஜெரூஷா அந்த வடிதாளை முதலாளியிடம் கொண்டுபோனாள். அடுத்த மாதமே பாயின் மேசைக்கு மேல் புகை உறிஞ்சும் குழாய் வந்தது.

இப்போது அவளுக்குச் சேலையூரில் வேலை. கேம்ப் ரோட்டில் யாராவது இரும்பு கேட்டுக்கு வெல்டிங் வைத்தால், அந்த வாசனையில் சற்று நின்றுவிடுவாள். அன்று வடிதாளைத் திருப்பித் தந்தபடி பாய் தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழும்.

"நோன்புக் கஞ்சிக்கு வூட்டுக்கு வருவல்ல? என் பொஞ்சாதி பஷீராகிட்ட மட்டும் இத சொல்லிடாதம்மா. தெனம் காலைல கர்ச்சீப்ப தொவச்சு, இஸ்திரி போட்டு அவதான் குடுக்குறா."